பன்னிரண்டு இலக்கமும் ஒரு ‘காலனி’யும்

1

‘சென்ஸிடிவ் டேட்டா’ என்கிற சொல் இன்று வங்கி, மருத்துவமனை, கல்லூரி, சாப்ட்வேர் கம்பெனி, அரசு அலுவலகம் என எல்லா இடத்திலும் புழங்குகிறது. தமிழில் ‘கூருணர்வுத் தரவு’, ‘முக்கியத் தகவல்’, ‘அந்தரங்கத் தகவல்’ என்று ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பெயரும் நிலைக்கவில்லை. இதை மொழியின் போதாமை என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு அப்படிப் படவில்லை. யாருக்கு அந்தரங்கம், யாருக்கு முக்கியம் என்ற கேள்வியை அமுக்கிவிட்டுத்தான் ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் பயன்படுத்தப்படுகிறது. அமுக்கப்பட்ட கேள்வி மொழிபெயர்ப்பில் வெளியே வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு நிறுவனத்தில் லட்சக்கணக்கில் கோப்புகள், கடிதங்கள், பட்டியல்கள் சேர்ந்து கிடக்கின்றன. எது இரகசியம், எது பொது என்று ஒவ்வொன்றையும் ஆள் வைத்துப் படித்துப் பார்க்க முடியாது. ஆகவே ஒரு நிரலை ஓடவிடுகிறார்கள். அது எழுத்துகளும் இலக்கங்களும் எந்த வரிசையில் அமைந்திருக்கின்றன என்று பார்க்கிறது. சொல்லிக்கொடுத்த வரிசையோடு பொருந்தினால் கோப்பின் நெற்றியில் ஒரு முத்திரை: ‘பொது’, ‘உள்சுற்று’, ‘இரகசியம்’, ‘அதி இரகசியம்’. முத்திரைக்கேற்ப யார் திறக்கலாம், யார் வெளியே அனுப்பலாம் என்பதெல்லாம் முடிவாகிறது. இதற்குப் பெயர் பேட்டர்ன் மேட்சிங், வடிவப் பொருத்தம்.

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் விவகாரம், நமக்கென்ன என்று ஒதுங்குகிற மனோபாவம் எழுதுகிறவர்களிடமும் உண்டு, இயக்கங்களில் வேலை செய்கிறவர்களிடமும் உண்டு. ஆனால் வகைப்படுத்தல் என்பது எந்தக் காலத்திலும் அப்பாவித்தனமான காரியமாக இருந்ததில்லை. ஃபூக்கோவை மேற்கோள் காட்டித்தான் இதைச் சொல்ல வேண்டும் என்றில்லை. சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற எவருக்கும் தெரிந்ததுதான்.

2

எந்திரம் எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ் என்பார்கள். 1951இல் ஸ்டீபன் கிளீனி என்கிற தர்க்கவியலாளர் நரம்பு வலைகளின் கணித மாதிரியை ஆராயும்போது உருவாக்கிய குறியீட்டு முறை இது. 1968இல் கென் தாம்ஸன் இதைக் கணினியில் எழுத்துகளைத் தேடும் கருவியாக்கினார். ‘மூன்று இலக்கம், பிறகு ஒரு கோடு, பிறகு நான்கு இலக்கம்’ என்பது போன்ற வடிவத்தைச் சுருங்கச் சொல்ல இதைவிட நல்ல வழி இன்றுவரை இல்லை. வடிவத்தைச் சொல்லலாம். அது என்ன என்பதை இதனால் சொல்ல முடியாது.

ஆதார் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு இலக்கம். முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இராது. கடைசி இலக்கம் வெர்ஹோஃப் என்கிற டச்சுக் கணிதவியலாளர் 1969இல் வகுத்த முறைப்படி மற்ற பதினொன்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. கடன் அட்டை எண்ணிலும் இப்படியொரு சோதனை இலக்கம் உண்டு. அது ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை. கவனியுங்கள்: இரண்டுமே கைதவறி எழுதும் பிழையைப் பிடிக்க வந்தவை. இரகசியத்தைப் பிடிக்க வந்தவை அல்ல. குருட்டாம்போக்கில் எழுதிய எண்களில் பத்தில் ஒன்று இந்தச் சோதனையில் தேறிவிடும். இரண்டிலிருந்து ஒன்பதுக்குள் தொடங்கும் பன்னிரண்டு இலக்க பில் எண்கள் 10,000 ஒரு பட்டியலில் இருந்தால், சுமார் 1,000 எண்களை எந்திரம் ஆதார் என்று நினைக்கும்.

இதைச் சரிக்கட்ட அக்கம்பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் பர்வியூ போன்ற கருவிகள், எண்ணுக்கு முந்நூறு எழுத்துத் தொலைவுக்குள் சம்பந்தப்பட்ட சொல் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்து நம்பகத்தைக் ‘குறைவு’, ‘நடுத்தரம்’, ‘அதிகம்’ என்று தரம் பிரிக்கின்றன. ‘ஆதார்’ என்ற சொல் பக்கத்தில் இருந்தால் எண்ணின் மதிப்பு கூடுகிறது. கூட்டாளியை வைத்து ஆளை எடைபோடுகிற போலீஸ் புத்திதான்.

இந்தச் சொற்பட்டியல் எந்த மொழியில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தமிழ் எழுத்து இந்த எந்திரத்திற்குள் போனால் என்ன ஆகிறது தெரியுமா? பைத்தான் மொழியோடு வருகிற வழக்கமான ரெஜெக்ஸ் நூலகத்தில் ‘சொல்லெழுத்து’ என்ற வகைக்குள் தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் அடங்குவதில்லை. ‘சாதி’ என்று எழுதினால் சகரம் தனி, கால் தனி, தகரம் தனி, விசிறி தனி என்று சொல்லை உடைத்துப் போட்டுவிடுகிறது. போதாக்குறைக்குச் சாதி, ஜாதி, சாதியினர், சாதிச்சான்று என ஒட்டி ஒட்டி வளர்கிற மொழி நம்முடையது. யூனிகோடுக்கு முன்னால் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்து வைத்த ஆவணங்கள் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன. அந்த எழுத்துருவில் ‘தமிழ்’ என்பது எந்திரத்துக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதாவது, ஆங்கிலத்தில் உள்ள இரகசியமே இரகசியம். தமிழில் உள்ளது குப்பை.

3

சென்னையில் ஒரு கம்பெனியில் இந்த வேலையைச் செய்கிற நண்பர் சொன்னதை இங்கே பதிவு செய்ய வேண்டும். பெயரும் கம்பெனியும் வேண்டாம். எந்திரத்தை முதன்முதலில் ஓடவிட்டபோது கேன்டீன் ஒப்பந்தக்காரரின் பில் கட்டு முழுக்க ‘அதி இரகசியம்’ ஆகிவிட்டது. பில் எண் பன்னிரண்டு இலக்கம். அதே நேரத்தில் வேலைக்கு ஆள் எடுத்த பட்டியல் ஒன்றுக்கு ‘உள்சுற்று’ முத்திரை விழுந்தது. அதில் விண்ணப்பித்தவரின் பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், தெரு, படித்த பள்ளி, தங்கிய விடுதி, கடைசியில் நேர்காணல் செய்தவரின் ‘குறிப்பு’. ஆதாரும் இல்லை, பான் எண்ணும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. எனவே எந்திரத்துக்கு அதில் ஒன்றுமில்லை. நண்பர் சொன்னார்: “சாம்பார் பில்லைத் திறக்கறதுக்கு ரெண்டு மேனேஜர் சம்மதம் வேணும். இந்த ஷீட்டை அந்த மாடியில இருக்கற யார் வேணும்னாலும் பாத்துக்கலாம்.”

அந்தப் பட்டியலில் தெரு என்ற பத்தியில் ‘காலனி’ என்று இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடுதி என்ற பத்தியில் ‘ஆதி திராவிடர் நல விடுதி’ என்று இருந்தால் அதற்குமேல் கேட்க வேண்டியதுமில்லை. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் விடுதிகள் ‘சமூகநீதி விடுதிகள்’ என அழைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அந்தச் சொற்கள் காயப்படுத்துகின்றன, ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன என்பதை அரசே ஒப்புக்கொண்ட பிறகும் நிறுவனங்களின் அகராதியில் அவை ‘சாதாரணச் சொற்கள்’. பழைய சான்றிதழ்களிலும் கணினிகளிலும் அவை அப்படியேதான் இருக்கும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் ஒரு பழைய வாசனை அடிக்கலாம். அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வந்தால் அது புறம். எண் வந்தால் இரகசியம் என்பது போன்ற எளிய வடிவப் பொருத்தம்தான் இதுவும். ஆனால் உரையாசிரியர்கள் அத்தோடு விட்டார்களா? நெடுநல்வாடையில் எந்த மன்னனின் பெயரும் இல்லை. பிரிவில் வாடும் தலைவியும் பாசறையில் இருக்கும் தலைவனும்தான். ஆனாலும் நச்சினார்க்கினியர் அதைப் புறம் என்றார். ஏன்? வேலில் கட்டியிருந்த வேம்பு. வேம்பு பாண்டியனின் அடையாளம். பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிட்டது. பெயரை நீக்குவது வேறு, அடையாளத்தை நீக்குவது வேறு என்பதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓர் உரைகாரர் கண்டுகொண்டார். நிறுவனங்களின் எந்திரம் இன்னும் வேம்பைப் பார்க்கக் கற்கவில்லை. நேர்காணல் செய்கிறவர் அதை மட்டுமே பார்க்கிறார்.

கணினித் துறைக்கு இது தெரியாதது அல்ல. அமெரிக்காவில் லட்டான்யா ஸ்வீனி 1997இல், பெயர் நீக்கப்பட்ட அரசு ஊழியர் மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாஸசூஸெட்ஸ் ஆளுநரின் மருத்துவப் பதிவையே எடுத்துக் காட்டினார். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பால் மூன்றும் தெரிந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று 2000இல் எழுதினார். இந்த மூன்றில் எதுவும் தனியாகப் பார்த்தால் இரகசியமில்லை. சேர்ந்தால்தான் வேம்பு.

4

எண் என்பதே நிரபராதி இல்லை என்பதையும் பேச வேண்டும். பான் எண்ணின் நான்காவது எழுத்து, வரி கட்டுகிறவர் தனியாளா, கம்பெனியா, ‘இந்து கூட்டுக் குடும்ப’மா என்று சொல்கிறது. தனியாளுக்கு ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத, சாதிப் பின்னொட்டை உதறித் தள்ளிய ஒரு சமூகம் அந்தக் கட்டத்தில் அப்பன் பெயரை இட்டு நிரப்புகிறது. வடிவம் முதலில் வருகிறது. மனுஷன் அதற்குள் தன்னை மடக்கி வைத்துக்கொள்கிறான்.

இலங்கையின் தேசிய அடையாள அட்டை எண்ணில் பிறந்த ஆண்டும், அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதும் உண்டு. பெண்ணாக இருந்தால் நாள் எண்ணோடு 500 கூட்டப்படும். ஒரு திருநங்கையோ திருநம்பியோ தன் எண்ணைச் சொன்ன மாத்திரத்தில், பிறப்பில் அரசு எழுதிய பால் வெளியே வந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு வழங்கிய அடையாள எண்ணில் இனப்பிரிவுக்கே இலக்கம் இருந்தது, 1980களில்தான் அதை எடுத்தார்கள். ஆதார் எண்ணில் இப்படி எதுவும் இல்லை என்று பெருமைப்படலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பொருளற்ற எண். சேகரிக்கும் விவரத்தில் சாதி, மதம் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சரி. ஆனால் அந்த வெற்று எண்தான் ரேஷனையும் வங்கியையும் கல்வி உதவித்தொகையையும் ஒரே கயிற்றில் கோக்கிறது. உதவித்தொகைப் பட்டியலில் சாதி இருக்கிறது. சாவி வெறும் இரும்புதான், பூட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2011இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் கூருணர்வுத் தகவல் என்று சிலவற்றைப் பட்டியலிட்டன: கடவுச்சொல், வங்கி மற்றும் அட்டை விவரம், உடல்நலம், பாலியல் நாட்டம், மருத்துவப் பதிவு, உயிர்க்குறி அடையாளம். சாதி இல்லை. தொழிற்சங்க உறுப்பினர் என்பதும் இல்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதிமுறை இனம், அரசியல் கருத்து, மத நம்பிக்கை, தொழிற்சங்க உறுப்பினர் தகுதி எல்லாவற்றையும் தனிப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு இங்கே நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவில் ‘சாதி அல்லது பழங்குடி’ கூருணர்வுத் தகவலாகச் சேர்க்கப்பட்டது. 2019 மசோதாவிலும் இருந்தது. 2023இல் சட்டமாக வந்தபோது கூருணர்வுத் தகவல் என்ற வகையே காணாமல் போனது. எல்லாத் தகவலும் ஒன்றே. சாம்பார் பில்லில் இருக்கிற பெயரும் காலனித் தெருவும் ஒன்றே. சமத்துவம் இப்படியும் வரும்.

5

அப்படியானால் சாதிப் பெயர்களையும், ‘காலனி’யையும், விடுதிகளையும் எந்திரத்தின் சொற்பட்டியலில் சேர்த்துவிட்டால் தீர்ந்ததா? நண்பர்கள் சிலர் இப்படித்தான் சொல்கிறார்கள். நான் தயங்குகிறேன்.

கண்டுபிடிப்பதற்கு ஒரு பட்டியல் வேண்டும். கண்டுபிடித்தவுடன் இன்னொரு பட்டியல் பிறக்கிறது: எந்தெந்தக் கோப்பில் யார் யாருடைய சாதி இருக்கிறது என்கிற பட்டியல். பாதுகாக்கத் தேடிய எந்திரம், தேடி முடித்த நொடியில் வேட்டைக்கு வரைபடம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. நெதர்லாந்தில் ஒழுங்காக, நல்ல நிர்வாகத்துக்காக வைத்திருந்த மக்கள் பதிவேடுதான் நாஜி ஆக்கிரமிப்பில் யூதர்களை வீடு வீடாகப் பிடிக்க உதவியது. 1943 மார்ச் 27 அன்று ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குத் தீ வைத்தவர்களில் ஓவியரும் சிற்பியும் எழுத்தாளரும் இருந்தார்கள். அந்தச் செயலுக்காகப் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பட்டியல் என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரிட்டனில் கட்டட நிறுவனங்கள் சேர்ந்து தொழிலாளர்களைப் பற்றிய கறுப்புப் பட்டியல் ஒன்றை வைத்திருந்தன. 2009இல் தகவல் ஆணையர் அலுவலகம் சோதனையிட்டபோது 3,213 பேரின் விவரம் கிடைத்தது. சங்கத்தில் இருக்கிறான், பாதுகாப்பு இல்லை என்று குரல் கொடுத்தான் என்ற ரகக் குறிப்புகள். அந்த அட்டைகளை இன்றைய எந்திரத்தில் போட்டால் என்ன செய்யும்? காப்பீட்டு எண் இருந்தால், இரண்டு எழுத்து, ஆறு இலக்கம், ஓர் எழுத்து என்ற வடிவத்தைப் பிடித்து ‘அதி இரகசியம்’ என்று முத்திரை குத்தும். யாரைப் பற்றிய பட்டியலோ அந்தத் தொழிலாளியின் கண்ணில் படாமல் அதைப் பத்திரமாகப் பூட்டி வைக்கும். வெளியே எடுத்து வந்து காட்டத் துணிகிற குமாஸ்தாவின் மின்னஞ்சலை வாசலிலேயே நிறுத்தி மேலதிகாரிக்குத் தகவல் சொல்லும். தகவல் கசிவைத் தடுப்பது என்று இவர்கள் சொல்வதில் எது தகவல், எது அநியாயம் என்ற பாகுபாடு கிடையாது. வடிவத்திற்கு அறம் தெரியாது.

நமக்கு இது இன்னும் நெருக்கமான பிரச்சினை. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானாவில் மஸ்தூர் கிஸான் சக்தி சங்கதன் முதல் பொது விசாரணையை நடத்தியது. வேலைக்கான வருகைப் பதிவேட்டை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி, இல்லாத ஆள் பெயரில் கூலி என்று எல்லாம் அம்பலமானது. பெயர்களைப் பொதுவில் படித்ததுதான் போராட்டம். 2005இன் தகவல் உரிமைச் சட்டம் அந்த மண்ணிலிருந்து வந்தது. அதுபோன்ற இன்றைய பதிவேட்டை எந்திரத்திடம் கொடுங்கள்: பெயர், தந்தை பெயர், கணக்கு எண், ஆதார். மேலிருந்து கீழ்வரை ‘தனிநபர் தகவல்’.

2023 சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தியது. பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தனிநபர் தகவலை மறுக்கலாம், பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்றிருந்த இடத்தில், ‘தனிநபர் தகவல்’ என்றால் மறுக்கலாம் என்று மொட்டையாக நிற்கிறது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது இத்திருத்தமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. பொதுநலனுக்கான 8(2) பிரிவு இன்னும் இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறதுதான். ஆனால் கோப்பைத் தரும் அதிகாரி முதலில் பார்க்கப்போவது முத்திரையை. முத்திரை குத்தியது எந்திரம். எந்திரம் சொல்லிவிட்டது என்று கை விரிப்பது, ‘சாஸ்திரத்தில் சொல்லியிருக்கு’ என்று கை விரிப்பதிலிருந்து எந்த வகையில் வேறுபட்டது?

6

வடிவப் பொருத்தத்தை ஒழித்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏழை எளியவரின் ஆதாரையும் கைபேசி எண்ணையும் திறந்த வெளியில் போட்டு வைக்கிற அலட்சியம் நம்மூரில் நிறையவே உண்டு. அதைக் கண்டுபிடிக்க இந்த எந்திரம் பயன்படும், பயன்படட்டும். எண்ணைக் கண்டுபிடிப்பதில் அது கெட்டிக்கார வேலையாள். நியாயத்தைத் தீர்மானிக்கும் நாற்காலியில் அதை உட்கார வைப்பதுதான் பிரச்சினை.

நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. நிறுவனம் எந்தச் சொற்பட்டியலை, எந்த விதிகளை வைத்துத் தேடுகிறது என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் சங்கங்களுக்கும் தெரிய வேண்டும். என்னைப் பற்றிய கோப்பில் விழுந்த முத்திரையை நான் பார்க்கவும் மறுத்துப் பேசவும் வழி வேண்டும். என்னிடமிருந்தே என்னை மறைக்கிற இரகசியம் எனக்கான பாதுகாப்பு ஆகாது. பொதுப்பணம் செலவான பதிவேட்டை முத்திரையைக் காட்டி மறுக்கக்கூடாது, ஒரு மனிதர் படித்துப் பார்த்துக் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், தந்தை பெயரும் தெருவும் விடுதியும் வேலைக்கு எதற்கு என்று கேட்க வேண்டும். சேர்த்து வைத்துப் பூட்டுவதைவிடச் சேர்க்காமல் விடுவதே மேல். எழுதப்படாத ‘காலனி’யை எந்த எந்திரமும் தேட வேண்டியதில்லை, எந்த நேர்காணல்காரரும் மோப்பம் பிடிக்க முடியாது.

தலித் இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் தகவல் உரிமைத் தோழர்களும் இதைத் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்தால், ஒருவர் கேட்கிற மறைப்பு இன்னொருவர் கேட்கிற திறப்புக்கு எதிராக நிறுத்தப்படும். எது அகம், எது புறம் என்று வகுக்கிற வேலையை நிறுவனத்திடமும் அதன் எந்திரத்திடமும் விட்டுவிடாமல், முதலில் நமக்குள் பேசித் தீர்த்தாக வேண்டும்.